இன்னாசிமுத்துவின் ஃபைல்

"உங்க கடையில ஆளுக்கொரு நியாயமாம்மா?"

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பரீஹா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து நாலே நாள். அதற்குள் ஒரு சண்டை வந்து நிற்கிறது.

வந்தவர் இன்னாசிமுத்து. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்காரர், ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிட்டையர் ஆனவர். சர்க்கரை வியாதிக் காலுக்கென்றே செருப்பு தைக்கும் ஜஹாங்கீர் பாயின் தாராவி கடைக்கு மாசம் தவறாமல் வருவார். செருப்பின் அடித்தட்டு தேய்ந்திருக்கிறதா என்று காட்ட வருவதாகப் பேர். வீட்டில் பேச ஆளில்லை என்பதுதான் நிஜம்.

அவர் குறை இதுதான். பக்கத்து வீட்டு வெயிலுமுத்துவும் இங்கேதான் செருப்பு தைக்கக் கொடுக்கிறான். அவன் வந்து போன அன்றைக்கே, 'வந்ததற்கு நன்றி, இடது குதிகால் தேய்ந்திருக்கிறது, பார்த்து நடங்கள்' என்று போனில் மெசேஜ் வந்துவிடுகிறதாம். அதை லேபர் கேம்ப் பூராவும் காட்டிக்கொண்டு திரிகிறான். இவருக்கு மட்டும் இரண்டு வருஷத்தில் ஒன்றுகூட வந்ததில்லை.

மற்றபடி கடையை அவர் ஒரு குறை சொல்லமாட்டார். கஸ்டமருக்கு, சொந்த வீட்டுக்குள் நுழைந்த நினைப்பு வரவேண்டும் என்று இரண்டு வருஷத்துக்கு முன் பாய் ஒரு புது சிஸ்டம் போட்டார். ஆளுக்கொரு ஃபைல். இன்னாசிமுத்து வந்தால் ஃபேனுக்கு நேராக நாற்காலி. டீ பேப்பர் கப்பில் கிடையாது, கண்ணாடி கிளாஸில்தான். வலது காலைத் தொடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுத் தொடவேண்டும், இல்லாவிட்டால் உதறிவிடுவார். காலமான அவர் மனைவியைப் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது. எல்லாம் ஃபைலில் இருந்தது.

"ஒரு செருப்புக்கடைக்காரன் இம்புட்டு தெரிஞ்சு வச்சிருக்கான். பெத்த மக தாணேயில இருக்கா. இருக்கியா செத்தியான்னு நாலு வருசமா ஒரு வார்த்த கேக்கல."

இதையும் மாசாமாசம் சொல்வார். மகள் ஜெனிஃபர், அவருக்குப் பிடிக்காத இடத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனவள். கேட்கிறவர்களுக்கு அது கோபமாகத் தெரியும். ஆனால் அவளை நினைக்காமல் அவருக்கு ஒரு சாயங்காலமும் போவதில்லை.

பாய் லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார். இருந்திருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். பரீஹாவுக்கு அந்தச் சாமர்த்தியம் போதாது. நேராக ஃபைலைத் திறந்துவிட்டாள்.

"அரே அங்கிள், மெசேஜ் எல்லாம் பராபர் போயிருக்கு. மொத்தம் இருபத்திரண்டு. ஒவ்வொண்ணுக்கும் நீங்க ரிப்ளைகூடப் பண்ணியிருக்கீங்க."

"நானா? எனக்கு மெசேஜ் அடிக்கவே தெரியாதேம்மா."

அவளுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக ஓடாது. நல்லவேளை, ரிப்ளை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். வேகமாகவே படித்தாள்.

"'முழங்கால் வீக்கம் வத்திருச்சா?' 'தனியாத்தான் வந்தாரா, கூட யாரும் இருந்தாங்களா?' 'ரொம்ப மெலிஞ்சிட்டாரா?' என்ன அங்கிள், உங்களப் பத்தி நீங்களே விசாரிக்கிறீங்க?"

இன்னாசிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது எந்த நம்பரும்மா?"

அவள் படிக்க ஆரம்பித்தாள். கடைசி நாலு எண்களை அவள் படிப்பதற்குள் அவரே சொல்லி முடித்தார்.

காலில் புண் வந்த புதிதில் அவரை இந்தக் கடைக்கு முதன்முதலாகக் கைபிடித்துக் கூட்டி வந்தது ஜெனிஃபர்தான். நம்பர் கேட்டபோது அவள்தான் தன்னுடையதைக் கொடுத்தாள். சிஸ்டம் போட்ட சமயம் பாய் எல்லாக் கஸ்டமருக்கும் அனுப்பிய கேள்விகளும் அந்த நம்பருக்கே போயிருக்கின்றன. ஃபேன், கண்ணாடி கிளாஸ், வலது கால் எதையுமே தான் யாரிடமும் சொன்னதில்லை என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"எல்லாத்துக்கும் பாய்தான் ஜவாப் போட்டிருக்காரு," என்றாள் பரீஹா. "லாஸ்ட் மெசேஜ் போன மாசம். 'அப்பாவோட புது நம்பர் கிடைக்குமா? நான் பேசமாட்டேன். குரல மட்டும் கேட்டுட்டு வச்சிடுறேன்.'"

அப்பா என்று படித்த பிறகுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டது. குரலைத் தணித்துக்கொண்டாள்.

"பாய் என்னம்மா பதில் போட்டாரு?"

"கஸ்டமர் சம்மதம் இல்லாம நம்பர் குடுக்க முடியாது, மன்னிச்சிடும்மான்னு."

இன்னாசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஜெனிஃபர் வீட்டைவிட்டு இறங்கிய மறுநாளே, அவள் இனிக் கூப்பிடவே கூடாதென்று பழைய சிம் கார்டை உடைத்துச் சாக்கடையில் போட்டவர் அவர்தான். மாசாமாசம் மகளைக் குறை சொன்ன வாய் இதை மட்டும் கடையில் ஒரு நாளும் சொன்னதில்லை.

பரீஹா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அங்கிள், உங்க ஃபைல்ல உங்க நம்பரே இல்ல. இத எடுத்துட்டு உங்களோடத போட்டுடவா?"

"அத எடுக்காத தாயி."

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"என் நம்பர் இதுல இருக்கு, பாத்து அந்தப் பிள்ளைக்கு அனுப்பு. கஸ்டமர் சம்மதம் சொல்லிட்டாருன்னு போடு."