நான்காவது காது

"கேஸ் கசியுறது எங்க பிளான்ட்ல. எங்க சைரன் அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரு காலியாயிடுது. இதுக்கு என்ன அர்த்தம், சொல்லுங்க மேடம்."

சாலமோன் உட்காரக்கூட இல்லை. விம்கோ நகரில் உள்ள ஒரு மீன் குளிர்பதனக் கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி அவர். அங்கே அமோனியா கசிந்தால் உடனே தகவல் சொல்லும் புரோகிராமை எழுதிக் கொடுத்தது ஷிஜியின் கம்பெனி. கம்பெனி என்றால் திருவொற்றியூரில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடி, ஐந்து பேர், அவ்வளவுதான்.

"நேத்தும் அப்படித்தான். லேசான கசிவு. கொஞ்ச நேரத்துல வால்வை அடைச்சிட்டோம். அதுக்குள்ள குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு, மூக்குல ஈரத்துணியைக் கட்டிக்கிட்டு, தெருவே மெயின் ரோட்டுக்கு வந்துடுச்சு. ஒருத்தன் வீடியோ எடுத்துப் போட்டிருக்கான். முதலாளி என்னைப் பிடிச்சுக் காய்ச்சுறார்."

"நெடி வந்திருக்கும் சார்."

"நெடி வர்றதுக்கு முன்னாடியே கிளம்பிடுறாங்க. உங்க ஆள் ஒருத்தன் அந்தத் தெருதானே?"

அவர் பார்வை ஜெயவேல் மேல் போனது. அவன் அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்தப் புரோகிராமை எழுதியவனும் அவன்தான். கீபோர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

ஷிஜி புரோகிராமைத் திறந்தாள்.

சர்வரில் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. கசிவு மாதிரி ஏதாவது நடந்தால் அது ஒரு 'ஈவென்ட்'. அந்தச் சேதிக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பவை 'லிசனர்'கள். ஈவென்ட் ஆள் பார்த்துப் பேசாது. காது கொடுத்த எல்லாருக்கும் வரிசையாகச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அந்த விஷயத்தில் அது நம்மைவிட மேல்.

ஒப்பந்தப்படி மூன்று காதுகள்தான். கன்ட்ரோல் ரூம், முதலாளி, சாலமோன். சைரன் அடிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது சாலமோனின் பொறுப்பு.

கசிவுச் சேதியை யார் யார் கேட்கிறார்கள் என்று ஷிஜி பார்த்தாள். மூன்று இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தது. நான்காவது லிசனர் ஏதோ ஒரு செல்போன் நம்பருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பிக்கொண்டிருந்தது.

"ஜெயவேல், இதை யார் போட்டது?"

"நான்தான்க்கா."

"யாரோட நம்பர்?"

"தெருவுல ஒர்த்தங்க. கேட்டாங்க, போட்டுக் குட்த்தேன்."

"யாருன்னு கேட்டேன்."

"அத்த மட்டும் கேக்காதீங்கக்கா. வாக்கு குட்த்துகீறேன்."

அவன் நல்ல வேலைக்காரன். ஆனால் அடுத்தவர் சிஸ்டத்தில் அவர்களுக்குத் தெரியாமல் ஒரு வரி சேர்த்தாலும் அது திருட்டுதான் என்று எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவளே ஷிஜிதான்.

சாலமோன் இப்போது சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தம்பி, கசிவுன்னு சொன்னதும் ஜனங்க அலறி ஓடுவாங்க. அந்த ஓட்டத்துல ஒரு குழந்தை மிதிபட்டா யார் பதில் சொல்றது? யாருக்குச் சொல்லணும், எப்ப சொல்லணும்னு பார்க்கத்தான் என்னை வச்சிருக்காங்க."

"மழைக்கு மின்னாடி ஒரு தபா கசிஞ்சுதே சார், அப்ப நீங்க சைரன் அடிக்கவே இல்ல. எதிர் வூட்டு பச்சையம்மாக்கா நெஞ்சு அடைச்சி ஆஸ்பத்திரில கெடந்துச்சு. அதுக்கப்பறம்தான் அந்த நம்பர்காரங்க வந்து கேட்டாங்க. வோணாம்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"அன்னிக்கு அளவு கம்மி. சைரன் அடிக்கிற அளவு இல்ல. ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். என் வீடும் அதே தெரு முனையிலதான் இருக்கு. நான் ஊரைக் கூட்டினேனா?"

"இந்த வரியை இப்பவே எடுத்துடுறேன் சார்" என்றாள் ஷிஜி.

"வரி போனா பத்தாது. இவனும் போகணும். இல்லன்னா நாங்க வேற கம்பெனியைப் பார்த்துக்கறோம்."

அந்தக் கிடங்கை விட்டால் அவர்களுக்குப் பெரிய வேலை வேறு இல்லை. மற்ற பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தாள் ஷிஜி. எல்லாரும் ஜெயவேலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் வாழ்க்கையில் இப்படி ஓர் இக்கட்டு வந்ததில்லை.

"முதல்ல அந்த நம்பரைச் சொல்லுங்க. யார் அந்த ஊர் உத்தமர்னு நானே கேட்கிறேன். ஸ்பீக்கர்ல போடுறேன், எல்லாரும் கேளுங்க" என்றார் சாலமோன்.

ஜெயவேல் சட்டென்று எழுந்தான். "வோணாம் சார். இங்க வெச்சு வோணாம். நானே வேலைய வுட்டுப் போய்ட்றேன். நம்பர எட்த்துட்டு இத்தோட வுட்ருங்க."

"இப்ப பயமா இருக்கோ?"

ஷிஜி திரையைப் பார்த்து நம்பரை வாசித்தாள். சாலமோன் தன் செல்போனில் ஒவ்வொன்றாகத் தட்டி, அதே வேகத்தில் பச்சைப் பொத்தானையும் ஸ்பீக்கரையும் அழுத்தினார்.

போன் ஒரு பெயரைக் காட்டியது. மெர்லின்.

அவர் மனைவி. பெயரைத் தொட்டாலே போன் போய்விடுகிற காலத்தில் பெண்டாட்டியின் நம்பர் யாருக்கு மனப்பாடம்? துண்டிக்கலாம் என்று அவர் அவசர அவசரமாகத் தடவுவதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"என்னங்க, இன்னிக்கும் கசியுதா? சரி, வழக்கம்போல பாப்பாவைக் கூட்டிக்கிட்டு நான் மட்டும் ராயபுரத்துக்கு அம்மா வீட்டுக்குக் கிளம்பிடணும், அக்கம்பக்கத்துல யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது, அதானே?"