முறிந்த விட்டம்

1983ஆம் ஆண்டு ஆகஸ்டு 17, புதன்கிழமை. குடியாத்தத்தில் காலையிலிருந்தே தூறல். ஜம்புலிங்கத்தின் வீட்டுக்குள்ளும் அதே தூறல்.

மே மாதச் சூறைக்காற்று கூரையைப் பிய்த்தெறிந்த பிறகு, அவர் ஓர் ஓடுகூட மாற்றவில்லை. தம் கைத்தறியைப் பிரித்துக் கட்டி வைத்துவிட்டுப் பிறர் தறியில் கூலிக்கு நெய்தார். மனைவி சந்திரா பிள்ளைகளோடு அடுப்பங்கரையில் முடங்கிக் கிடந்தாள்.

பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அப்படி இருக்கவில்லை. இரண்டு வீடுகளுக்கும் ஒரே கூரை. ஒரே முகட்டு விட்டம். கணவரை இழந்த அவருக்கு விசைத்தறியே சோறு. பாவு நூல் ஏறிய தறியை நனைய விடுவது நெசவாளர் வழக்கமன்று. காற்றடித்த மறுநாளே கடன் வாங்கிப் புது மரம் போட்டு ஓடு வேய்ந்தார். தம் பக்கத்து உடைந்த மரத்தை அடுப்பில் எரித்தார்.

தறி வாங்கக் கடன் கொடுத்த வங்கியின் வற்புறுத்தலால் அவர் வீட்டுக்குக் காப்பீடு இருந்தது. ஆனால், நிதானமாக வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் அருணகிரி, புதுக் கூரையை அண்ணாந்து பார்த்து, "சேதம் இல்லை" என்று எழுதிச் சென்றார். மனுமேல் மனு போட்டதில் இன்று மறுபடி வருகிறார். இன்றும் சேதம் இல்லையென்று எழுதினால், ஓடு வாங்கக் கடன் கொடுத்தவர் தறியை எடுத்துக்கொள்வார்.

"இன்சூரன்ஸ் துட்டுக்காகக் கூரையே போடாம குந்தினுகிறியே, இன்னா ஆசைய்யா உனுக்கு?" என்றார் எதிர்வீட்டுப் பரந்தாமன். "பொண்டாட்டி புள்ளைங்களவிட துட்டு ஜாஸ்தியா?"

"இருக்கட்டும்ணா."

சர்வேயர் வந்தார். தனபாக்கியம் வாய் திறப்பதற்குள் ஜம்புலிங்கம் குறுக்கே வந்து நின்றார்.

"சார், மொதல்ல என் வூட்டப் பாருங்க."

"பாத்தீங்களா! ஆம்பளத் தொண இல்லாத பொம்பள. அதுங்கிட்டயும் முந்திக்கிறான்!" என்றார் பரந்தாமன்.

முறிந்த விட்டம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சர்வேயர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"கரையான் இல்லை. காற்றில் முறிந்ததுதான். சரி, உங்கள் பாலிசி எங்கே?"

"என் வூட்டுக்கு ஏது சார் பாலிசி? இதே விட்டந்தான் அக்கா வூட்டுக்கும் போயினு இருந்துச்சு. அங்க இன்னா நடந்துச்சுன்னு இத்தப் பாத்து எழுதுங்க. போன தடவ நான் கூலிக்குப் பூட்டேன். நீங்க இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

சர்வேயர் குடையை மடக்கினார், மறுபடி விரித்தார்.

"ஏம்பா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார் தனபாக்கியம்.

"சொன்னா வுட்டிருப்பியாக்கா? அன்னிக்கே ஆள் வெச்சு எனுக்கும் ஓடு போட்டிருப்ப."

தம் முதல் அறிக்கை தவறானது என்று சர்வேயர் அங்கேயே எழுதிக் கையொப்பமிட்டார். செப்டம்பரில் தனபாக்கியத்துக்கு இழப்பீடு வந்தது, தறி தப்பியது. ஜம்புலிங்கமோ சர்வேயர் வந்துபோன அன்று மாலையே கூரை வேயத் தொடங்கியிருந்தார். கீழே நின்று ஓடு எடுத்துக் கொடுத்தவர் பரந்தாமன்.