சத்தமில்லாத பெட்டி

“மெதுவா, மெதுவா! கண்ணாடி மேசை அது!”

துணிப்பை தடாலென்று விழுந்த அதிர்ச்சியில் ஜுவாங்கின் சாப்பாட்டுக் குச்சி ஒன்று கீழே உருண்டது. தைப்பே கணினிச் சந்தையில் இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். மதியச் சாப்பாட்டு டப்பாவை எரிச்சலோடு ஓரமாகத் தள்ளினார்.

“மன்னிச்சுக்குங்க முதலாளி, பை கனம்” என்றாள் வந்தவள். மெய்ஜூ என்று பெயர் சொன்னாள்.

அவள் எதிர்க் கடைப் போட்டியாளர் ஃபாங்கிடமிருந்து நேராக வந்ததை ஜுவாங் கவனித்திருந்தார். எரிச்சல் போய் உற்சாகம் வந்தது. “ஃபாங் என்ன சொன்னான்?”

“என்ன கோளாறுன்னு அவர் எழுதிக் குடுத்தா நல்லா இருக்காதாம். உங்களைக் கேக்கச் சொன்னார்.”

“எப்படி நல்லா இருக்கும் அவனுக்கு!” ஜுவாங் சிரித்தார். “எடுங்க, பார்ப்போம்.”

பையிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் ஒரு பவர் சப்ளை பெட்டி, ஒரு கட்டு கேபிள், இரண்டு ஹார்ட் டிஸ்க் வெளியே வந்தன. கூடவே தீய்ந்த வாடை.

“பார்வையில்லாதவங்களுக்காகப் புத்தகம் படிச்சுப் பதிவு பண்றேன். பழைய பவர் சப்ளையோட ஃபேன் இரைச்சல் மைக்ல விழுந்துகிட்டே இருந்துச்சு. சத்தமில்லாத பெட்டியா மாத்தினோம். நான் போகலை, தம்பிதான் கம்ப்யூட்டரை இந்தச் சந்தைக்குத் தூக்கிட்டு வந்து ஒரு கடையில குடுத்து மாட்டிட்டுப் போனான்.”

“ஃபேன் சத்தம் நின்னுச்சா?”

“ஸ்விட்ச் போட்டதும் எல்லாமே நின்னுச்சு. அசல் ஒரு டிஸ்க்ல, நகல் ஒரு டிஸ்க்ல. ரெண்டும் புகைஞ்சிடுச்சு. தொள்ளாயிரம் பக்கம், நாலு மாசக் குரல்.”

ஜுவாங் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். “பெட்டி தங்கம். நானே விக்கிறேன்.” கேபிளைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அடப்பாவி! பெட்டி ஒரு கம்பெனி, கேபிள் வேற கம்பெனி! பெட்டியை மட்டும் மாத்திட்டுப் பழைய கேபிளை அப்படியே விட்டிருக்கான்!”

“சரியாத்தானே பொருந்துது?”

“பொருந்தும். அங்கதான் முட்டாள் மாட்டுவான். டிஸ்க்ல செருகுற முனை உலகம் பூரா ஒண்ணுதான். பெட்டியில செருகுற முனைக்குச் சட்டமே கிடையாது. எந்த ஓட்டையில எந்தக் கம்பின்னு ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வச்சிருக்கும். அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போச்சுன்னா? புஸ்ஸ்!”

“தொழில் தெரிஞ்சவர் ஏன் அப்படி மாட்டப்போறார்?”

“சோம்பேறித்தனம்! பழைய கேபிளைப் பின்பக்கத் தகட்டுல கட்டி வச்சிருப்பாங்க. அவிழ்த்து மாட்ட அரை மணி நேரம் ஆகும். துரைக்குச் சாப்பாட்டு நேரம் வந்திருக்கும். ஒரு தடவை ஓட்டியாவது பார்த்தானா? அதுவும் இல்லை. இவனெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறதுக்குப் பதிலா சோளம் சுட்டு விக்கலாம்.”

கடைசி வரியை எதிர்க் கடைக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார். ஃபாங் அங்கே தலைநிமிராமல் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“குரலை மீட்க முடியுமா, முதலாளி?”

“முடியும். அதுக்குன்னு ஆய்வுக்கூடம் இருக்கு. பில்லைத் தீட்டிடுவாங்க. அந்தச் செலவை மாட்டினவன் தலையிலதான் கட்டணும்.”

“நாளைக்கு வட்டார அலுவலகத்துல புகார் குடுக்கப்போறேன். தொழில் தெரிஞ்ச ஒருத்தர் எழுதிக் குடுத்தா எடுபடும்னாங்க.”

“கொண்டாங்க பேப்பரை!”

“பேர் போட வேண்டாம். ‘மாட்டினவர்’னு மட்டும் எழுதுங்க, போதும்.”

“யாருன்னு எனக்குத் தெரியாதா?” ஜுவாங் கண்ணடித்துவிட்டு எழுதினார். கேபிளை மாற்றாதது மன்னிக்க முடியாத அலட்சியம். முழுப் பொறுப்பும் மாட்டினவருடையதே. கொஞ்சம் யோசித்து, ‘இப்படிப்பட்டவர் இந்தச் சந்தைக்கே அவமானம்’ என்று தன் செலவில் ஒரு வரி சேர்த்தார். இழுப்பறையிலிருந்து தன் பெயர் பொறித்த கல் முத்திரையை எடுத்து, சிவப்பு மையில் தோய்த்து, அழுத்திக் குத்தினார்.

மெய்ஜூ மை காயும்வரை ஊதினாள். பிறகு பையின் அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“பெட்டியை மாட்டினவர் அன்னிக்குத் தம்பிகிட்ட குடுத்த வாரண்டி அட்டை. ரெண்டு முத்திரையிலயும் இடது மூலை உடைஞ்சிருக்கு பாருங்க, முதலாளி.”