முதல் டிரிப்

மூன்று வருடப் போராட்டத்துக்குப் பிறகு, கண்மாய்க்கரைக் குடியிருப்புக்கு இன்றுதான் டவுன் பஸ் வந்தது. அங்கே பத்து வீடுகள் கட்டி வைத்திருக்கும் உடையப்பன், பஸ்ஸுக்கு மாலை போட்டு முதல் தேங்காயை உடைத்தார்.

“எல்லாம் நம்ம அகிலா பண்ணுன வேலை! மறியலு, மனுன்னு அவுக அலையாத ஆபீஸ் இல்ல. மொத ஆளா அவுகதான் ஏறணும்!”

எல்லோரும் கை தட்டினார்கள்.

அகிலா ஏறினாள். கூடவே ஒரு கேஸ் அடுப்பு, மின்விசிறி, இரண்டு மூட்டைகள். பின்படியில் போராட்டக் குழுச் செயலாளர் முத்தரசும் பாயையும் மிக்ஸியையும் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“லேடீஸுக்கு ஃப்ரீ. லக்கேஜுக்கு டிக்கெட் எடுக்கணும்க்கா,” என்றார் கண்டக்டர். “ஆமா, நல்ல நாளும் அதுவுமா வீட்டையே தூக்கிட்டு எங்க கெளம்பிட்டீக?”

“பஸ் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கே வாடகைய டபுளாக்கிட்டாரு.”

“யாரு?”

“இப்பத் தேங்கா ஒடச்சாரே, அவருதான்.”

“அடப்பாவமே! எங்க எறங்குவீக?”

“காரைக்குடி ஸ்டாண்டுல. அங்கருந்து புது வீட்டுக்கு ஆட்டோ புடிக்கணும்.”

“ஏன், அங்குட்டுப் பஸ் இல்லியா?”

அகிலா லக்கேஜ் டிக்கெட்டைக் கசக்கினாள்.

“இருந்தா, எங்களுக்குக் கட்டுபடியாகுற வாடகைக்கு அங்க வீடு கெடைக்குமா?”