முதல் கரண்டி

"உங்க தங்கச்சி வீட்டு அடுப்படியில தினமும் ஒரு பொம்பளைக் குரல் கேட்குதுங்க" என்றாள் அந்த வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் தையல்காரி. இதைச் சொல்வதற்கென்றே மெக்கானிக்கின் பட்டறைவரை நடந்து வந்திருந்தாள்.

"எந்தப் பொம்பளை?"

"அதான் பயமா இருக்கு. செத்துப்போன உங்க தங்கச்சி குரல் மாதிரியே இருக்கு."

மெக்கானிக் எரிச்சலோடு கையைத் துடைத்தார். செத்தவளாவது, அடுப்படியில் பேசுவதாவது! மாப்பிள்ளை எவளையோ கூட்டிவந்து வைத்திருக்கிறான். தங்கச்சியைப் புதைத்த ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் அவனுக்கு இன்னொருத்தி சமையல் கேட்கிறதா?

"இன்னைக்கே போறேன். கையும் களவுமாப் பிடிக்கிறேன்."

தையல்காரி சும்மா இருக்கவில்லை. "தங்கச்சி இருந்தப்போ அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கலை. இப்ப மட்டும் என்னங்க பாசம்?"

"அது வேற கதை."

அது பூனைக் கதை. பல வருஷம் முன்பு தங்கச்சி அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். நல்ல பசி. மேசையில் உட்கார்ந்திருந்தார். அவளோ அடுப்பில் கொதித்த கோழி சூப்பில் முதல் கரண்டியை எடுத்துப் பூனையின் தட்டில் ஊற்றினாள்.

"முதல்ல நம்ம மகாராணிக்கு. உனக்கு இதோ வந்துட்டுதுண்ணே."

"பூனைக்கு அப்புறம்தான் எனக்கா?"

எழுந்தவர் எழுந்தவர்தான். நறுக்கிய வெங்காயத் தட்டும் கையுமாகத் தெருமுனைவரை ஓடிவந்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டு அனுப்பினாள். போகவில்லை. சாவுக்குப் போனார், வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

இருட்டத் தொடங்கும் நேரம், பின்பக்கமாகப் போய்ச் சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

முதலில் வாசனைதான் வந்தது. கோழியோடு பூசணித் துண்டு வேகிற வாசனை. அப்படிப் போட்டு வேகவைப்பவள் அவர் அறிய ஒருத்திதான்.

அடுத்தது சத்தம். டக், டக். கரண்டியைப் பாத்திர விளிம்பில் தட்டுகிற சத்தம். அதுவும் அவள் பழக்கம்தான்.

"வாடி மகாராணி... கிழவியாயிட்டா கோபம் வேற வருமா உனக்கு? ரெண்டு வாய் சாப்பிடுடி செல்லம்..."

அவள் குரலேதான். அந்த இழுவை, கொஞ்சல் எல்லாம் அச்சு அசல். மெக்கானிக் மெல்லக் குதிகாலை உயர்த்தினார். ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தார்.

முழங்கையில் ஒட்டுப்போட்ட பச்சை ஸ்வெட்டர். தலையில் சுற்றிய நீலத் துண்டு. அடுப்புப் பக்கம் முகத்தை வைத்து, இடது தோளைச் சரித்து நின்றாள். அவள் நிற்பது அப்படித்தான்.

தூக்கி நிறுத்திய லாரிக்கு அடியில் பயமில்லாமல் படுக்கிறவர், ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். திரும்பாதே, திரும்பிடாதே என்று மனசு அடித்துக்கொண்டது.

திரும்பினாள்.

கொத்து மீசை. மழிக்காத தாடி.

"யாரு, மச்சானா?" என்றது அந்த முகம், மாப்பிள்ளையின் குரலில்.

மெக்கானிக்குக்குப் போன உயிர் கோபமாகத் திரும்பி வந்தது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். "என்னய்யா வேஷம் இது? உனக்கென்ன பைத்தியமா?"

"உஸ்ஸ்! கத்தாதீங்க. இப்பத்தான் வாய் வச்சிருக்கா."

காலடியில் ஒரு பூனை. எலும்பும் தோலும்தான். இரண்டு கண்ணும் பால் படிந்தாற்போல வெளுத்துக் கிடந்தன. தட்டை முகர்ந்து முகர்ந்து நக்கிக்கொண்டிருந்தது.

"கண்ணு போயிடுச்சு மச்சான். கிட்னியும் பாதி போச்சாம். மாத்திரையைச் சாப்பாட்டுல பொடிச்சுப் போட்டாத்தான் உள்ள போகும். அவ போனதிலிருந்து என் கையால ஒரு வாய் தொடலை. ஒருநாள் குளிருதேன்னு அவ ஸ்வெட்டரை மாட்டிக்கிட்டு நின்னேன், வந்து காலை உரசிச்சு. அப்புறம் துண்டைக் கட்டினேன். கரண்டியைத் தட்டினேன். இத்தனை வருஷம் காதுல விழுந்த குரல்தானே, அதுவும் தொண்டைக்கு வந்துடுச்சு."

மெக்கானிக் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு எழுந்துபோன அதே நாற்காலி.

பூனை தட்டைக் காலி செய்தது. அதன் பிறகுதான் மாப்பிள்ளை நறுக்கிய வெங்காயத்தை எடுத்துப் பாத்திரத்தில் கொட்டினார். மிளகு போட்டார். உப்புப் போட்டார்.

மெக்கானிக் அந்த வெங்காயத் தட்டையே பார்த்தார். "ஏன்யா, இதையெல்லாம் முதல்லயே போட மாட்டியா?"

"ஐயையோ! வெங்காயம் பூனைக்கு விஷம் மச்சான். உப்பும் ஆகாது. அதனால முதல் கரண்டி அதுக்கு எடுத்துடணும், அவ சொல்லிக் கொடுத்தது. அப்புறம் நமக்கு வேணுங்கிறதை அள்ளிப் போட்டுக்கலாம். எங்க அண்ணனுக்கு வெங்காயம் நிறைய இருந்தாத்தான் இறங்கும்னு, நீங்க எழுந்துபோன அன்னைக்குக்கூட ரெண்டு பங்கு நறுக்கி வச்சிருந்தா."

மெக்கானிக் காலி வெங்காயத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை ஏன்யா அவ எங்கிட்ட சொல்லலை?"

"சொல்றதுக்கு நீங்க நிக்கணுமே மச்சான்."

மாப்பிள்ளை ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினார். வாய் நிறைய மிளகும் வெங்காயமுமாக முதல் வாய் உள்ளே இறங்கியது.

முதுகுக்குப் பின்னால் டக், டக் என்று கரண்டி தட்டியது.

"உப்பு போதுமாண்ணே?"

திரும்பினால் மீசை தெரிந்துவிடும். மெக்கானிக் கிண்ணத்தைவிட்டுத் தலை நிமிராமல் சொன்னார், "போதும்மா."