அகத்தி

கீரைக்காரியின் கூடையில் இருந்த கீரைக்கட்டின் மேல் பூரணி கை வைத்தாள்.

"அது அகத்தி, அக்கா. வீட்டுல யாராச்சும் மருந்து சாப்பிட்டா எடுக்காதீங்க. மருந்தை முறிச்சிரும். அப்புறம் உங்க வீட்டு அண்ணன் வந்து என்னைத்தான் திட்டுவாரு."

கீரைக்காரி எல்லோரிடமும் சொல்வதுதான். வழக்கமாகப் பூரணி கையை எடுத்துவிடுவாள். சிறுகீரை வாங்கிக்கொண்டு போவாள்.

"யாரும் சாப்பிடல" என்றாள்.

பொய் இல்லை.

காலையில் டாக்டர் அவளை மட்டும் உள்ளே அழைத்தார். உங்கள் கணவருக்கு இனி மருந்து எதுவும் வேண்டாம், அவருக்குப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்றார்.

வெளியே பெஞ்சில் காத்திருந்த கணவரிடம், எல்லாம் நன்றாக இருக்கிறதாம் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். ஆட்டோவில் வரும்போதும் அந்தச் சிரிப்பைக் கலையாமல் வைத்திருந்தாள்.

அவருக்குப் பிடித்தது அகத்தி.

கல்யாணமான புதிதில் ஒரு வாய் வைத்துவிட்டு அதன் கசப்பில் அவள் முகம் சுளித்தாள். மாமியார் திரும்புவதற்குள் அவள் தட்டில் இருந்ததையும் அவரே அள்ளிச் சாப்பிட்டார்.

இலைகளை உருவினாள். பொடியாக நறுக்கினாள். கடுகும் மிளகாயும் தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, ஊறிய பாசிப்பருப்போடு கீரையைப் போட்டாள். வேகும் வரை அங்கேயே நின்றாள்.

அழுவதற்கு அடுப்படிதான் வசதி.

தேங்காயை மட்டும் தாராளமாகத் துருவிப் போட்டாள்.

சாப்பாட்டு மேசையில் அவர் எதிரே மாத்திரை டப்பா. அது வந்த நாளிலிருந்து அவளுடைய இடம் அதற்குப் போய்விட்டது. அவருக்குக் கொடுத்துவிட்டு அவள் அடுப்படியிலேயே சாப்பிட்டுக்கொள்வாள்.

சோற்றின் பக்கத்தில் கீரையை வைத்தாள்.

அவர் கை நின்றது.

கீரையைப் பார்த்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கீரைக்காரி சொன்னது அவருக்கும் தெரியும். மருந்து ஆரம்பித்த அன்று, இனிமேல் அகத்தி வாங்காதே என்று சொன்னதே அவர்தான்.

கையில் கரண்டியோடு நின்றாள். அந்தச் சிரிப்பைத் தேடினாள். வரவில்லை.

அவர் கீரையைச் சோற்றில் பிசைந்தார். ஒரு வாய் சாப்பிட்டார். மெதுவாக மென்றார்.

பிறகு இடது கையால் மாத்திரை டப்பாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். எதிரே இடம் காலியானது.

"உன் தட்டை எடுத்துட்டு வா, பூரணி. கசந்தா என் பக்கம் தள்ளிடு."