தூக்குவாளிக்குள் கணினி

குஞ்சு பொரிப்பகத்தின் வாசலில் வண்டியை நிறுத்தும்போதே எஞ்சினியர் கண்டீபனுக்கு எரிச்சல் தலைக்கேறியிருந்தது. சூடு குறைந்தால் பத்தாயிரம் முட்டையும் வீண். அதைக் கவனித்து எச்சரிக்கை அனுப்ப வேண்டிய உள்ளங்கையளவு கணினிக்கோ நாலு நாளாக வைஃபை கிடைக்கவில்லை. அடாப்டரை மாற்றச் சொன்னான், மெமரி கார்டை மாற்றச் சொன்னான், ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னான். எல்லாம் போனில்தான். இந்தக் கோழிக்கூட்டத்துக்கு நேரில் வந்து பாடம் எடுப்பது தன் தலையெழுத்து என்று நொந்துகொண்டான்.

முட்டை அறையைப் பார்த்துக்கொள்ளும் சம்பூரணம் அலமாரியைக் காட்டினாள். அங்கே எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று. மூடியிடுக்கில் ஒயர் நீட்டிக்கொண்டிருந்தது. திறந்தான். உள்ளே கணினி. சற்றைக்கெல்லாம் நாலு நாள் எச்சரிக்கைகளும் அவன் போனில் வரிசையாக வந்து விழுந்தன.

"அதெல்லாம் நானே கை வச்சுப் பார்த்துச் சூடு ஏத்திட்டனுங்க" என்றாள்.

"இதுக்குள்ள வச்சு மூடினா சிக்னல் எப்படி வரும்? எந்த முட்டாளோட யோசனை இது?"

எஞ்சினியர்கள் சொல்வதையெல்லாம் தேதி போட்டு எழுதிவைப்பது அங்கே வழக்கம். அவள் அந்த நோட்டைப் பிரித்து நீட்டினாள்.

'திங்கள். கணினி மேல் பல்லி ஏறுவதைச் சொன்னோம். ஏதாவது டப்பாவில் போட்டு மூடித் தொலை என்றார், எஞ்சினியர் கண்டீபன்.'

அவன் படித்து முடிக்கும்வரை காத்திருந்து, நோட்டை வாங்கி, அதன் கீழே நிதானமாக எழுதினாள்: 'வெள்ளி. எந்த முட்டாளின் யோசனை என்று கேட்டார், எஞ்சினியர் கண்டீபன்.'

"நேர்ல வந்தா கையெழுத்து வாங்கோணுங்க" என்று பேனாவை நீட்டினாள்.